நான்காம் குழாய்

தொழிற்சாலையில் அவளுக்குச் சல்லடை என்று பேர். எந்நேரமும் ஓட்டை போட்ட அலுமினியத் தட்டும் கையுமாகத் திரிந்தால் வேறென்ன பேர் வைப்பார்கள்? அந்தத் தட்டை ஹேர் டிரையரால் சூடாக்கி, ஒரே தாங்கியில் இருக்கும் இரண்டு கேமராக்களின் முன் நிறுத்துவதுதான் அவள் வேலை. ஒன்று நம் கண்போல் பார்ப்பது. மற்றது வெப்பத்தை மட்டும் பார்ப்பது. இரண்டு படங்களிலும் ஓட்டைமேல் ஓட்டை உட்காரும்வரை திருத்துவாள். பிறகுதான், உறை போட்ட குழாய்களில் எதில் நீராவி ஓடுகிறதென்று திரையில் சிவப்பாகத் தெரியும்.

“தட்டுக்குத் தலை குளிப்பாட்டியாச்சா?” என்று கேட்டபடி போவார் குழாய் ஃபிட்டர்.

“ஆச்சு மாமா. பவுடர்தான் பாக்கி.”

அவர் அவளுடைய அக்காவின் கணவர். அப்பா அம்மா போனபின் பதினோரு வருடமாக அவர் வீட்டு மாடியறைதான் அவளுக்கு வீடு.

கிட்டத்தில், நடுவில், எட்டத்தில் என்று மூன்று தூரத்தில் பொருத்திப் பார்க்க வேண்டும். லென்ஸ்கள் அடுத்தடுத்து இருப்பதால், கிட்டத்தில் பொருந்துவது எட்டத்தில் விலகும். அன்று டிரையருக்கான நீள வயரை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். சூடாக்கிய தட்டோடு கோடிச் சுவருக்கு ஓடுவதற்குள் அது ஆறிப்போனது. இரண்டு தடவை ஓடினாள். கிட்டத்தில் அச்சடித்தாற்போல் பொருந்திவிட்டதே என்று, தாளில் மூன்றுக்கும் ‘சரி’ போட்டுவிட்டாள்.

ஐந்தாம் நாள், கோடிச் சுவரில் நான்காம் குழாயின் இணைப்பைக் கழற்றினார் மாமா. திரையில் மூன்றாம் குழாய்தான் சிவப்பாக இருந்தது. நீராவி இருந்ததோ நான்காவதில். வலது கை முழங்கைவரை வெந்துபோனது.

திரையைச் சரியாகப் பார்க்காத கவனக்குறைவு என்று எழுதி அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவரும் அதை நம்பிவிட்டார். கண் டாக்டர் பார்வை நன்றாக இருக்கிறது என்றதும், “அப்ப மூளைதான் கெட்டுப்போச்சு” என்றார். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட அக்காவைக் கூப்பிட்டார்.

நான்கு மாதம் கழித்து, வயர் கடன் வாங்கி, கோடிச் சுவரருகே தட்டை நிறுத்திப் பார்த்தாள். இரண்டு படமும் ஒரு சாண் விலகி நின்றன. உள்ளதை எழுதி மேலாளரிடம் கொடுத்துவிட்டு, வேலையும் பறிபோய் மத்தியானமே வீடு வந்தாள். அக்கா அவருக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“மாமா, உங்க கண்ணு சரியாத்தான் பாத்துச்சு. படந்தான் தப்பு. எட்டத்துல வெச்சுப் பாக்காமலே பாத்தேன்னு எழுதிட்டேன்.”

“அப்ப மூணாவதுதானே சிவப்பு?”

“ஆமா மாமா.”

அவர் முகம் மலர்ந்தது. அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். “ஏய், கேட்டியா? எனக்கு ஒண்ணுமில்லையாம்!”

அக்கா தட்டைக் கீழே வைத்தாள். “உனக்கு எப்ப தெரியும்?”

“இப்பதான் உறுதியாச்சு. சந்தேகம்... முதல் நாளே இருந்துச்சுக்கா.”

“நான் ஊட்டிவிடுறதைப் பாத்துக்கிட்டே எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கே.”

“விடுடி, நம்ம பொண்ணு” என்றார் மாமா.

“வெந்தது உங்க கை. நீங்க மன்னிச்சுக்கோங்க. என்னால ஆகாது.”

அவள் தன் மாடியறைக்குப் போய்ப் பெட்டியில் துணிகளை எடுத்து வைத்தாள். இறங்கி வரும்போது அக்காவைக் காணவில்லை. மாமா வாசலில் நின்று, எதிர்வீட்டுக்காரரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்: “மூணாவதுதான்! நான் சரியாத்தான் பாத்திருக்கேன்!”