விட்டுவிட்டு அடித்த மணி

தன் வேலை தன் கையை விட்டுப் போக வழி சொன்ன ஒருத்திக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்று சொல்ல முடியுமா? குளத்தூரில் ராஜபாயை அறிந்தவர்கள் இதற்கு ஒரே பதிலைச் சொன்னதில்லை. அவளோ காரணமே சொன்னதில்லை.

அறுபது வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்திய குடிநீர்த் திட்டத்தில் அவள் பம்பு ஓட்டினாள். கிணறும் மோட்டாரும் கீழே. தொட்டி குன்றின் மேலே. தொட்டி நிறைந்த செய்தியை, ரோட்டுக்கு வழிந்து வரும் தண்ணீர்தான் கொண்டுவரும்.

1996இல் இதற்கு மூன்று பேர் சேர்ந்து ஒரு வழி செய்தார்கள். பிளம்பர் தங்கப்பன் தொட்டிக்குள் மிதவை வைத்தான். வயர்மேன் ஜெயச்சந்திரன் குன்றிலிருந்து கம்பி இழுத்தான். அமரவிளையில் ரேடியோ பழுதுபார்க்கும் ஈசாக், மிதவை உயர்ந்தால் பம்பு அறையில் மணி அடிக்கும்படி ஒரு பெட்டி செய்தான். மணி அடித்தால் ராஜபாய் மோட்டாரை நிறுத்துவாள். ஒரு வருடம் குறையில்லாமல் நடந்தது.

பிறகு திட்டத்தை நடத்திய கமிட்டிக்கு ஆசை வந்தது: மோட்டார் தானே நின்றால் ஆளே வேண்டாமே. ஈசாக் கம்பியை மணியிலிருந்து எடுத்து மோட்டாரின் ஸ்டார்ட்டரில் கொடுத்தான். தொட்டி முக்கால் ஆனதுமே மோட்டார் நின்றது. நாலு நாளாக மேட்டு வீடுகளுக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் பழையபடி மணியும் ராஜபாயும் போதும் என்று கமிட்டி சொல்லிவிட்டது.

மூவரும் பம்பு அறையில் கூடினார்கள்.

"உன் மிதவைக்குக் கிறுக்காக்கும்," என்றான் ஈசாக்.

"மணி அடிச்சப்போ இல்லாத கிறுக்கு இப்பமா வந்துது? உன் பெட்டியத் திறந்து பாருலே," என்றான் தங்கப்பன்.

"கம்பியில ஒரு குற்றமும் இல்ல," என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னான் ஜெயச்சந்திரன்.

அவரவர் பங்கை அவரவர் சரியாகத்தான் செய்திருந்தார்கள். மணி எப்படி அடித்தது என்று அங்கேயே நின்ற ராஜபாயிடம் கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. முக்கால் ஆகும்போதே அது விட்டுவிட்டு அடிக்கும். தொடக்கத்தில் குன்றேறிப் பார்த்து அதன் காரணத்தை அவள் அறிந்திருந்தாள். விடாமல் அடித்தால்தான் நிறுத்துவாள்; ஸ்டார்ட்டரோ முதல் அடிக்கே மோட்டாரை நிறுத்திவிடும்.

ராஜபாய் கிரீஸ் துடைத்த துணியை மடித்து வைத்தாள்.

"எலே தங்கப்பா, குழாய்த் தண்ணி மிதவைக்குப் பக்கத்துலதான் விழுது. அலையில ஆடுதாக்கும். அகலக் குழாய்த் துண்டு ஒண்ணுல அடியில துளை போட்டு நட்டு, அதுக்குள்ள மிதவைய விடு மக்கா."

சாயங்காலம் தொட்டி நிறைந்தது. மோட்டார் தானே நின்றது.

"அக்கா, வாய் திறக்காம இருந்திருக்கலாமே," என்றான் ஈசாக்.

அவள் பம்பு அறைச் சாவியை அவன் கையில் வைத்தாள்.

"கதவைக் கொஞ்சம் தூக்கிப் பூட்டணும்," என்றாள்.