எலும்புருக்கி இல்லை என்றவர்

டாக்டர் ஜொகரா காலமாகிவிட்டார் என்று பொன்னேரியிலிருந்து வந்த காலை பஸ்ஸின் கண்டக்டர்தான் சொன்னார். சென்னையில், மகள் வீட்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம். சொல்லிவிட்டு விசில் ஊதிப் போய்விட்டார். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. அவரும் நானும் சேர்ந்து காத்த ஒரு ரகசியத்தை இனி நான் தனியாகக் காக்க வேண்டும்.

பழவேற்காட்டில் அவர் நடத்திய சிறு மருத்துவமனையில் ரத்தம் சோதிப்பவன் நான். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரிடம் வேலை பழகியவர்கள். காலில் முள் குத்தி வந்தவனைக்கூட வெளிச்சத்துப் பக்கம் திருப்பிக் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாரே, நினைவிருக்கிறதா? "வாய் பொய் சொல்லும் தம்பி, இமை சொல்லாது" என்பார். தலைவலி என்று நான் லீவு கேட்டபோதும் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, போய் வேலையைப் பார் என்றார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு மீனவர் வந்தார். எந்தக் குப்பம் என்று சொல்ல மாட்டேன். நம் தொழிலில் இருப்பவர்கள் கேட்கவும் மாட்டார்கள். இமை வெளுத்திருந்தது. வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு வயிற்றுப் பூச்சியால் சோகை வருவது இங்கே சகஜம். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தோம், ரத்தம் ஏறவில்லை. அடுத்தடுத்த சோதனைகளில் சிவப்பணு, வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு எல்லாமே இறங்கிக்கொண்டு வந்தன. பல் ஈறில் ரத்தம் கசிந்தது. "மூணும் ஒண்ணா கொறையுதுன்னா ஊத்துலயே கோளாறு" என்று டாக்டரம்மா அவரைச் சென்னைக்கு அனுப்பினார்.

அங்கே இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்துப் பார்த்தார்கள். இன்னொரு ரத்தப் பரிசோதனையும் செய்தார்கள். அதில் தெரிந்தது, அப்போதுதான் பத்திரிகைகளில் பேர் அடிபடத் தொடங்கியிருந்த எய்ட்ஸ். மஜ்ஜை வற்றியிருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். வற்றவில்லை. இளம் அணுக்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. முதிர்ந்து வெளியே வருபவை கொஞ்சம், அவற்றிலும் பல கோணல்மாணல். அந்தக் கிருமி, ரத்த அணுக்கள் வளர்கிற இடத்தையே கெடுத்துவிடுகிறது என்று டாக்டரம்மா விளக்கினார். "முட்டை இருக்கு, குஞ்சு பொரிக்கல." மருந்து உண்டா என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நோயாளிக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் உண்மையைச் சொன்னார். எப்படி வந்தது என்று கேட்கவே இல்லை. "வந்த வழியைக் கேட்டு இன்னா ஆவப்போவுது? போற வழியை அடைக்கணும்" என்று, அடைக்கும் விதத்தையும் கூச்சமில்லாமல் சொல்லிக்கொடுத்தார். மனைவியையும் சோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. இந்த நோவோட பேரு வெளிய போச்சுன்னா எங்க வூட்டுக்குப் பாடு கெடையாது. புள்ளைங்க இன்னா துன்னும்?"

ஏரியில் எந்த வலை எங்கே, எப்போது என்று ஊர் முறைவைத்துத் தரும் உரிமைதான் பாடு. அது போனால் அடுப்பு எரியாது.

நோயாளியின் அண்ணன்மாரிடம் டாக்டரம்மா பட்டும் படாமல் சொன்னார்: எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற இடம் கெட்டுவிட்டது என்று. எலும்பு என்ற சொல்லே வினையாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் அது குப்பத்தில் எலும்புருக்கி ஆகிவிட்டது. எலும்புருக்கி என்றால் காசநோய். மூச்சுக் காற்றில் ஒட்டும். படகில் அவரை ஏற்றவில்லை. டம்ளரைத் தனியாக வைத்தார்கள்.

மறுநாளே டாக்டரம்மா என்னையும் இழுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனார். அது எலும்புருக்கி இல்லை என்றார். "அப்ப இன்னா நோவு?" என்று மூத்த அண்ணன் கேட்டார். தவறான பேரை எடுத்தால் சரியான பேரைக் கேட்கிறார்களே! டாக்டரம்மா அந்தத் தனி டம்ளரில் டீ வாங்கி, நோயாளியை ஒரு வாய் குடிக்கச் சொல்லிவிட்டு, மிச்சத்தைத் தான் குடித்தார்.

"ஒட்டுற நோவுன்னா நான் குடிப்பேனா? ரத்தம் ஊறல. அவ்ளோதான்."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

ரத்தம் எலும்புக்குள் ஊறுகிறது என்று கேட்டதிலிருந்து அந்தப் பெண் நல்லி எலும்பு வாங்கி சூப் வைக்க ஆரம்பித்தாள். ஆட்டு மஜ்ஜை மனுஷனுக்கு என்ன செய்யும் என்று நான் சிரித்தேன். "அவளுக்குச் செய்யறதுக்கு ஒண்ணு வேணும்யா" என்று டாக்டரம்மா சீறினார். ஐப்பசி மழையில் அந்த மீனவர் இறந்தார். காய்ச்சலில் போனார் என்றது ஊர். பாடு பிள்ளைகளுக்கு நிலைத்தது.

சென்னைக்கு, மகள் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, அந்தப் பெண்ணைப் பற்றி டாக்டரம்மா என்னிடம் சொன்னது: "அவ வருவா. நீயா கூப்பிடாதே. வந்தா இமையைப் பாரு."

நேற்று வந்தாள். அம்மா இல்லையாமே, நீங்கள் பார்ப்பீர்களா என்றாள். டாக்டரம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு கைப்பழக்கம்தான். அவளை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, கீழ் இமையை இழுத்தேன். வெளுத்திருந்தது.

"செவப்பா கீதா, இல்லியாண்ணா?" என்று கேட்டாள்.

பொய் சொல்ல எனக்கு வாய் இருந்தது. கையை மட்டும் இமையிலிருந்து எடுக்க முடியவில்லை.