தூணுக்குள்ளிருந்து நாலு தட்டு

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. இதில் பாதியை என் காதால் கேட்டேன். மீதியைச் சொன்னவர் என் நாத்தனார். அவருக்குப் பொய் சொல்ல வராது. குழம்பில் உப்பு கூடினால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற ரகம்.

நாத்தனார் என்றால் என் கணவரின் அக்கா. கட்டடப் பொறியாளர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "எங்கக்கா கழுத்தை நீட்டினது சுத்தியலுக்குத்தான்" என்பார் என் வீட்டுக்காரர். நாத்தனார் கைப்பையில் எப்போதும் ஒரு சின்னச் சுத்தியல் கிடக்கும். எந்தத் தூணைப் பார்த்தாலும் தட்டுவார். உள்ளே கெட்டியாக இருந்தால் 'டங்' என்று வரும். பொள்ளலாக இருந்தால் 'டொப்'. டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பது மாதிரிதான்.

நாங்கள் குடியிருந்தது இரட்டைக் கட்டடங்களில் ஒன்றில், ஒன்பதாவது மாடியில். இரண்டுக்கும் ஒரே வரைபடம், ஒரே வண்ணம், கட்டியவரும் ஒருவர்தான். ஒரு விடியற்காலையில் எதிர்க் கட்டடம் விழுந்தது. நிலம் நடுங்கவில்லை. காற்றில்லை, மழையில்லை. என் வீட்டுக்காரர் அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் அத்தனை மாடியும் தரையோடு தரையாகிவிட்டது. என் கட்டிலோர ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுப் பெண் துணி காயப்போடுவாள், ஒருவருக்கொருவர் கையசைப்போம். அன்று அந்த இடத்தில் வெறும் தூசியும் வானமும்தான் இருந்தது.

மீட்பு வேலையில் அண்ணியும் இருந்தார். நாத்தனாரை அப்படித்தான் கூப்பிடுவேன். எந்தக் கான்கிரீட் பலகையைத் தூக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று சொல்வது அவர் வேலை. அங்கே ஒரு முறை உண்டு. விசில் ஊதினால் எல்லா இயந்திரமும் நிற்கவேண்டும். யாரும் இருமக்கூடக் கூடாது. மீட்புப்படைத் தலைவர் இடிபாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் மூன்று தட்டு தட்டுவார். கீழே உயிரோடு இருப்பவர்கள், எத்தனை பேரோ அத்தனை தட்டு திருப்பித் தட்டவேண்டும். அதை ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

கட்டடம் விழுந்த மறுநாள் பதில் வந்தது.

நாலு தட்டு.

முதல் தட்டு பலமாக. அடுத்தது கொஞ்சம் மெதுவாக. கடைசி இரண்டும் பிள்ளை விரலால் தட்டியது போல... அம்மா அப்பா, இரண்டு பிள்ளைகள் என்று எல்லோரும் புரிந்துகொண்டார்கள். கையாலேயே கல்லை வாரினார்கள். சத்தம் வந்த இடத்தைத் திறந்தால் ஒரே ஒரு ஆள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். இரண்டு கையும் உத்தரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"பெரியவரே, நீங்கதான் தட்டினீங்களா?"

"கை எங்கப்பா இருக்கு, தட்ட? எவனோ என் தலைமாட்டுல தட்டிட்டே இருந்தான். அந்தச் சத்தத்துலதான் தூங்காம கிடந்தேன்."

அவரை வெளியே எடுத்தபிறகும் தட்டு வந்தது. இன்னும் உள்ளே, ஒரு பெரிய பலகைக்கு அடியிலிருந்து. அதைத் தூக்கினால் மேலே இருப்பது மொத்தமும் சரியும். மீட்பு ஆட்களே புதைந்துபோவார்கள். நிறுத்துங்கள் என்று சொல்லவேண்டியவர் அண்ணிதான். சொன்னார். பிறகு குழாயருகே மண்டியிட்டு, வாயைக் குழாயில் வைத்து, "கேக்குதும்மா... நாங்க இங்கதான் இருக்கோம். மறக்க மாட்டோம்" என்றார். வேறு எதுவும் செய்ய அவர் கையில் இல்லை. பலகையை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கத் தொடங்கினார்கள். அன்று மாலையோடு தட்டு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் காரணம் தேடும் வேலை. விழுந்ததில் ஒன்றும் தெரியவில்லை, எல்லாம் பொடி. அதனால் நிற்கிற எங்கள் கட்டடத்தை ஒரு பொறியாளர் குழு சோதித்தது, அண்ணியும் அதில் இருந்தார். கண்ணுக்குத் தெரிந்த தூண் ஒவ்வொன்றிலும் துளைபோட்டு மாதிரி எடுத்தார்கள். எல்லாம் நல்ல கான்கிரீட். குழுத்தலைவர் நல்ல மனிதர், ஆனால் கண்ட பிறகுதான் எழுதுவார்.

"ஏம்மா, நல்ல தூணைக் கெட்ட தூண்னு நான் எழுத முடியுமா? இன்னிக்குச் சாயங்காலம் 'பயமில்லை'ன்னு அறிவிச்சுடப் போறோம்."

"ஐயா, இதே வரைபடம்தானே அதுவும்? அது ஏன் விழுந்துச்சு?"

"தெரியலை. தெரியாததை வெச்சு இத்தனை குடும்பத்தைத் தெருவுல நிறுத்தச் சொல்றியா?"

அண்ணி எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். லிப்ட் ஓடவில்லை, ஒன்பது மாடியும் ஏறித்தான் வந்தார். எனக்கு அப்போது எட்டாவது மாதம். முன்னே இரண்டு முறை தங்காமல் போன வயிறு. படுக்கையை விட்டு எழக்கூடாது, படி இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

"டேய், கெஞ்சிக் கேக்கறேன்டா. இவளைத் தூக்கிட்டு இறங்கிடு."

"காரணம் சொல்லுக்கா. உன் பெரியவங்களே நல்லாயிருக்குன்னு சொல்றாங்க. வழியில இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா? இந்தப் பிள்ளையும் போச்சுன்னா நீ பதில் சொல்லுவியா?"

அண்ணி என் காலடிப் போர்வையைச் சரிசெய்துவிட்டுப் போனார். போகும்போது கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன்.

அதன்பிறகு நடந்ததை அவர் வாயாலேயே கேட்டிருக்கிறேன். நேராகக் கட்டடத்துக்கு அடியில், வண்டி நிறுத்துகிற தளத்துக்குப் போயிருக்கிறார். பட்டப்பகல்தான். ஆனால் மின்சாரம் இல்லாததால் கீழே கும்மிருட்டு. கையில் டார்ச், சுத்தியல். எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆண்டவா, ஒரு காரணம் காட்டு என்று மனத்துக்குள் கதறிக்கொண்டே ஒவ்வொரு தூணாகத் தட்டினார். மீட்புப்பணியில் பழகிய கை, தானாகவே மூன்று மூன்றாகத் தட்டியது.

டங்... டங்... டங்.

அடுத்த தூண்.

டங்... டங்... டங்.

கடைசி வரிசைக்கு வந்துவிட்டார். எல்லாம் கெட்டி. சுத்தியலை அப்படியே நழுவவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழலாம் போலிருந்ததாம்.

அப்போது...

தட். தட். தட்... தட்.

முதலாவது பலமாக. அடுத்தது மெதுவாக. கடைசி இரண்டும் பிள்ளை விரல்...

"யாருங்க?"

பதில் இல்லை. சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரும் நின்றுவிட்டது.

டார்ச்சைச் சுற்றிலும் அடித்தார். நிறுத்தியிருந்த வண்டிகள். தூசி. தரையில் அவருடைய காலடித் தடம் மட்டும்.

மறுபடியும் சத்தம். மோட்டார் அறைப் பக்கமிருந்து.

போனார். உள்ளே தண்ணீர் மோட்டார். அதன் பின்னால் வெள்ளையடித்த வெறும் சுவர். காதை வைத்தார்.

சுவர் சில்லென்று இருந்தது.

காதுக்கு நேரே...

தட். தட். தட்... தட்.

அலறிக்கொண்டு விலகினார். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. குழாயில் வாய்வைத்துச் சொன்னது நினைவுக்கு வந்ததாம்... மறக்க மாட்டோம்.

சுத்தியலால் சுவரைத் தட்டினார்.

டொப்.

பொள்ளல்!

அங்கே கிடந்த கடப்பாரையை எடுத்து இடித்தார். ஒற்றைச் செங்கல் சுவர், பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு தூண். தூணா அது? கழிவுநீர்க் குழாய் போக வழியில்லை என்று தூணைப் பாதிக்குமேல் கொத்தி எடுத்திருந்தார்கள். கம்பிகளை அறுத்துவிட்டு, குழாயைச் செருகி, வெளியே செங்கல் வைத்துப் பூசி வெள்ளையடித்திருந்தார்கள். மிச்சமிருந்த கான்கிரீட்டில் விரல் நுழையும் அளவுக்குப் பிளவு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மணல் உதிர்ந்தது.

சரசர...

படம் எடுத்துக் குழுத்தலைவருக்கு அனுப்ப வெளியே ஓடினார். அனுப்பினார். அனுப்பிய கையோடு எங்கள் மாடிப்படியை நோக்கி ஓடினார். ஒன்பது மாடி. ஏறி, என்னைத் தூக்கி, இறங்கி... நேரம் இருக்குமா?

முதல் படியில் கால்வைத்தவர் நின்றுவிட்டார்.

நாங்கள் எதிரே இறங்கிவந்துகொண்டிருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலியில் நான். என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுப் பையன்களும் நாற்காலியைத் தூக்கியிருந்தார்கள்.

என் கணவர் மூச்சு வாங்கக் கத்தினார். "போதுமாக்கா? இப்போ திருப்தியா? சுவத்தைத் தட்டித் தட்டியே எங்களை இறக்கிட்டியே!"

"நான்... நான் எங்கடா தட்டினேன்?"

"ஏன், படுக்கை அறைச் சுவத்துல நாலு நாலா தட்டலே? கதவைத் திறந்தா ஆள் இல்லை. கீழ் மாடியில சத்தம். அங்க போனா அதுக்கும் கீழ. 'உங்கக்கா கூப்பிடறாங்க, போயிடலாங்க'ன்னு இவ ஒரே அழுகை. நீதான் முன்னாடி தட்டிட்டே இறங்கறேன்னு நினைச்சுப் பின்னாலயே வந்தோம்."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை பனிக்கட்டியாக இருந்தது.

ஆமாம், நானும் கேட்டேன். என் தலைமாட்டில். ஆனால் சுத்தியல் சத்தமாக அது எனக்குத் தோன்றவே இல்லை. கடைசி இரண்டு தட்டும் வந்தபோது, வயிற்றுக்குள் என் பிள்ளை இரண்டு முறை உதைத்தது. அதைப் பிறகுதான் அண்ணியிடம் சொன்னேன்.

படத்தைப் பார்த்ததும் குழுத்தலைவர் தாமே ஓடிவந்தார். வீடுவீடாகக் கதவைத் தட்டி இருட்டுவதற்குள் எல்லோரையும் வெளியேற்றினார்கள். அடுத்த வாரம் எங்கள் கட்டடமும் தானாக விழுந்தது. உள்ளே ஒரு பூனைகூட இல்லை.

அந்தப் பெரிய பலகையை முழுதாக அறுத்து எடுத்தபோது, அடியில் நாலு பேர் இருந்தார்கள். அப்பா, அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள். அம்மா, என் ஜன்னலுக்கு எதிரே துணி காயப்போடுகிற அதே பெண். உடல்களைப் பரிசோதித்த டாக்டரிடம் அண்ணி கேட்டார்: "எத்தனை நாள் உயிரோட இருந்தாங்க, டாக்டர்?"

"நாளா? கட்டடம் விழுந்த நொடியிலேயே நாலு பேரும் போயிட்டாங்கம்மா. விரலை அசைக்கக்கூட நேரம் இருந்திருக்காது."

மீட்புப்படைத் தலைவர் குழாயில் தட்டியது மறுநாள்.

அண்ணி ஆஸ்பத்திரியில் இருந்த டிரைவரைப் போய்ப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். அவருக்கு ஆள் இல்லை, கைகளும் செயல்படவில்லை. அண்ணி ஊட்டிவிடுவார். "வண்டி ஓட்டின கைம்மா, இப்போ ஸ்பூன் பிடிக்க மாட்டேங்குது" என்று சிரிப்பாராம். எனக்குப் பெண் பிறந்தபோது, தூக்கமுடியாத கையை அண்ணி தாங்கிப் பிடிக்க, அவள் நெற்றியைத் தொட்டு ஆசி சொன்னவர் அவர்.

போன மாதம், எங்கள் கட்டடங்களைக் கட்டிய அதே ஆள் வேறொரு தெருவில் கட்டிய கட்டடத்தைப் பார்க்க அண்ணியை அனுப்பினார்கள். நிறைய குழந்தைகள் இருக்கிற கட்டடம். காலை நேரம். அடித்தளத்தில் நின்று, வழக்கம்போலத் தூணில் மூன்று தட்டினார்.

பதில் வந்தது.

தட். தட். தட்... தட்.

அண்ணி இந்தமுறை பயப்படவில்லை. சத்தம் வந்த சுவரை நோக்கி நடந்தார். கை வைத்தார்.

பிறகுதான்...

இன்னொரு தட்டு.

ஐந்தாவது.

வெளியே ஓடிவந்து, கட்டடத்தைக் காலிசெய்யச் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். டிரைவர் அன்று விடியற்காலையில் இறந்துபோயிருந்தார்.

அந்த ஐந்தாவது தட்டு எப்படி இருந்தது என்று அண்ணியிடம் ஒரே ஒரு முறை கேட்டேன். என் பெண்ணின் நெற்றியைத் தொட்டார்.

"மெதுவா இருந்துச்சு... கை மரத்துப்போனவங்க தட்டற மாதிரி."