பாறை விட்ட மூச்சு

எழுபத்தைந்தோ எழுபத்தாறோ, தை மாதம். அப்போது நாங்கள் குமுளிப் பக்கத்து மலையூரான ஆனைக்கரையில் இருந்தோம். நான் கீழே சமவெளியில் வெயில் காயும் ஊரில் பிறந்தவள். கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகுதான் குளிர் என்றால் என்னவென்று தெரிந்தது. என் வீட்டுக்காரருக்கு அங்கே இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம். வீடு ஒரு பெரிய பாறையை ஒட்டிக் கட்டியது. பின்னறைக்கு மூன்று பக்கம் மண்சுவர், நாலாவது பக்கம் அந்தப் பாறையேதான்.

பாறையில் இடுப்பு உயரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. வெளியே மூடுபனி இறங்கி முற்றம்கூடத் தெரியாமல் போகும் காலை வேளைகளில், அந்த வெடிப்பிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வரும். கையை நீட்டினால் யாரோ பக்கத்தில் தூங்குகிறவர் மூச்சு விடுவது போல இருக்கும். என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம். தொட்டிலை அந்த வெடிப்புக்கு எதிரேதான் கட்டியிருந்தேன். ஜன்னல் கிடையாது. கதவிடுக்கில் பழஞ்சேலையைச் சுருட்டி வைத்துவிட்டு, பாறையில் முதுகைச் சாய்த்துத் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருப்பேன். ஏலக்காய் வாசனையும் அந்தச் சூடும் சேர்ந்து, விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று எனக்கே தெரியாது. இப்போதும் அந்த நாட்களை நினைத்தால் தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது போலத்தான் தெரிகிறது.

அப்படி ஒரு காலையில் வாசலில் ஆள் கூப்பிடும் சத்தம். மலையில் பாறைகளைச் சோதிக்க வந்திருந்த அரசாங்க ஆட்களில் ஒருவர். முப்பது வயது இருக்கும், தமிழ்க்காரர். தோளில் ஒரு பெட்டி, அதிலிருந்து வயரில் தொங்கும் ஒரு குழல். வெளியே இருந்த பாறையில் குழலை வைத்ததும் பெட்டி டிக், டிக் என்றது. பாறை வீட்டுக்குள்ளும் போகிறது என்று தெரிந்ததும், உள்ளே பார்க்கலாமா என்று கேட்டார்.

வெடிப்பையும் தொட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு விநோதமான காரியம் செய்தார். குமுளிக் கடையில் வாங்கி வந்து தொட்டிலில் கட்டியிருந்த சிவப்புப் பலூனைக் கேட்டு வாங்கி, கம்பளியில் நன்றாகத் தேய்த்து, அறை நடுவில் நூலில் தொங்கவிட்டார். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வரச் சொல்லிக் கதவை மூடினார். அரைமணி நேரம் கழித்து எடுத்து, காற்றை இறக்கி, சுருங்கிய பலூனைக் குழலின் அருகே வைத்தார்.

பெட்டி படபடவென்று அடித்தது. வெறும் பலூன்! அதை வாசல் பலகையில் வைத்தபடியே அவர் காபி குடித்தார், நான் குழந்தைக்குப் பால் கொடுத்தேன். பனி மெல்ல விலகியது. அந்தச் சத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது, மழை விட்ட பிறகு கூரை சொட்டுவது போல. ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அடங்கிவிட்டது.

"பாறையிலேருந்து ரேடான்னு ஒரு வாயு வருதும்மா. நிறமில்ல, வாசனையில்ல. அதுலேருந்து உண்டாகிற கதிர்வீசுற துகள்தான் பலூன்ல ஒட்டிப் பெட்டியை அடிக்க வெச்சது, கொஞ்ச நேரத்துல அது தேய்ஞ்சிடும். ஆனா பாறை புதுசா விட்டுக்கிட்டே இருக்கும், மூச்சோட உள்ளேயும் போகும். குழந்தையை இங்க படுக்க வைக்காதீங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. பெற்ற பிள்ளையை விஷத்தில் படுக்க வைத்தவள் என்று சொன்னது போல இருந்தது.

"பெத்தவளுக்குத் தெரியாதுங்களா எங்க படுக்க வெக்கோணும்னு? வந்த வழி தெரியும்ல, போங்க!" என்று கத்திவிட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்.

மத்தியானம் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவருக்கு வேறு பயம். அந்தக் காலத்தில் மலையில் குடியிருந்தவர்கள் 'குடியிறக்கு' என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார்கள். அரசாங்கம் வந்து ஆட்களை நிலத்திலிருந்து இறக்கிவிடும் என்ற பயம்.

"நெலத்தைப் புடுங்கறதுக்கு இது ஒரு வழி புள்ள. அவன் பேச்ச நம்பாத" என்றார்.

நம்பக்கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்தப் பெட்டியின் படபடச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. தொட்டிலை முன்னறைக்கு மாற்றினேன். குளிரில் குழந்தையின் கால் சில்லிட்டதைப் பார்த்து வீட்டுக்காரர் திரும்பப் பின்னறையில் கட்டினார். நான் மறுபடி அவிழ்த்தேன். இரண்டு நாள் தொட்டில் இப்படியே மாறி மாறிப் போனது.

மூன்றாம் நாள் அந்த அரசாங்க ஆள் மறுபடி வந்தார். பெட்டி இருந்தது, கூட ஒரு காகிதப் பொட்டலமும். என் வீட்டுக்காரர் வாசலிலேயே மறித்தார்.

"ஏனுங்க சார், எங்க ஊட்டப் பத்தி என்ன எழுதிக் குடுத்தீங்க?"

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினார். "நீங்களே பாருங்க. எங்க நோட்டுல பாறை மட்டும்தான் இருக்கும். வீடு எழுத இடமே கிடையாது. அதனாலதான் லீவு நாள்ல வந்தேன்."

வீட்டுக்காரர் பக்கங்களைப் புரட்டினார். எண்களைத் தவிர ஒன்றுமில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "வராம எதுக்கு நிக்கறீங்க, உள்ள வாங்க" என்றார்.

"வீட்டை விட்டுப் போகச் சொல்லல. பாறை மூச்சு விடட்டும், வீட்டுக்குள்ள விடாம பார்த்துக்கலாம்" என்றார் வந்தவர்.

அன்று பகல் முழுக்க இருவரும் வேலை செய்தார்கள். ஏலக்காய் உலர்த்தும் கொட்டகையில் பழைய புகைக்குழாய் ஒன்று கிடந்தது. அதன் வாயை வெடிப்போடு சேர்த்து வைத்து, சுற்றிலும் சிமென்ட் பூசி, மறுமுனையைக் கூரைக்கு மேலே ஏற்றினார்கள். மண்சுவரில் எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள் உடைத்தார்கள். கட்டியதிலிருந்து இருட்டாகவே இருந்த அந்த அறைக்குள் முதல் தடவையாக வெயில் விழுந்தது. பனிப்புகை ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் போனதைக் குழந்தை கண்கொட்டாமல் பார்த்தது.

சிமென்ட் காய நாலு நாள் விட்டு, அவர் திரும்ப வந்தார். பொட்டலத்திலிருந்து புதுப் பலூன் எடுத்தார். அதே கம்பளி, அதே நூல், அதே அரைமணி நேரம். மூவரும் பெட்டியைச் சுற்றிக் குனிந்தோம். டிக். நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு டிக்.

"பூரா நிக்கலீங்களே" என்றேன்.

"பூரா நிக்காதும்மா. உலகத்துல எங்கேயுமே நிக்காது. குறைஞ்சா போதும்."

"அப்ப, இத்தன நாளு கொழந்த அத சுவாசிச்சதுக்கு...?" என்றேன்.

அவர் ஆறுதலுக்காகப் பொய் சொல்லவில்லை. "சுரங்கத்துல வருஷக்கணக்கா வேலை செஞ்சவங்களுக்கு நுரையீரல் கெட்டிருக்கு. வீட்டுல என்னன்னு இன்னும் யாருக்கும் சரியா தெரியாது. அஞ்சு மாசம் ரொம்பக் கொஞ்சம்தான். பயப்படாதீங்க" என்றார்.

அதன் பிறகு அந்த அறை குளிர்ந்துபோய்விட்டது. இரண்டு கம்பளி அதிகம் வாங்கினோம். மறுவாரம் அவருக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று வீட்டுக்காரர் அழைக்கப் போனார். அரசாங்க ஆட்கள் கூடாரம் அடித்திருந்த இடத்தில் அடுப்புக் கற்கள் மட்டும் இருந்தன. எந்த ஊர் என்றுகூடக் கேட்டு வைக்கவில்லை.

பல வருடங்கள் கழித்து, வெளிநாடுகளில் வீடுகளுக்குக் குழாய் வைத்து இந்த வாயுவை வெளியேற்றுகிறார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். 'ரேடான்' என்ற எழுத்துகளைப் பார்த்ததும் பத்திரிகையை மடியில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் மகள் நன்றாக இருக்கிறாள். அந்தக் குழாய் இல்லாமலும் அவள் நன்றாகவே இருந்திருக்கலாம். அது யாருக்கும் தெரியப் போவதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், போ என்று கத்தியவளின் வீட்டுக்கு ஒருவர் மறுபடி நடந்து வந்தார் என்பதுதான். அதனால் இன்றும் முன்பின் தெரியாத ஒருவர் எனக்குப் பிடிக்காததைச் சொன்னால், அவர் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.