பேட்டரி எடுத்தாச்சா?

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தெருவில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. ‘பேட்டரி’ என்றால் போதும், கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் ‘பேட்டரி சார்’ என்பார்கள். பார்த்த வேலை என்னவோ லிஃப்ட் மெக்கானிக். முப்பத்து மூன்று வருடம் உயரமான கட்டடங்களின் மொட்டை மாடிக்கு ஏறி இறங்கி, கம்பிக் கயிறுகளின் தேய்மானம் பார்த்து, மோட்டாருக்குக் கிரீஸ் வைத்து, முழங்கால் இரண்டையும் அங்கேயே விட்டுவிட்டு ஓய்வு பெற்றவர்.

மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையைப் போலத் தோதான இடம் அலுவலகக்காரர்களுக்குக் கிடைக்காது. கால் உடைந்த நாற்காலி, மூடி தொலைந்த குப்பைத்தொட்டி, மாற்றலாகிப் போன மானேஜரின் போட்டோ எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஒருநாள் அந்த வரிசையில் ஒரு கம்ப்யூட்டரும் உட்கார்ந்திருந்தது. “எடுத்துக்கட்டுங்களா?” என்று கேட்டார். “எடுத்துட்டுப் போங்க, இடமாவது காலியாகும்” என்றார்கள். பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டி ஓட வைத்தார். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வந்தபோது, கல்யாணத்தன்றுகூட இந்த முகத்தைப் பார்க்கவில்லையே என்று மனைவி கேலி செய்தாள். அன்று பிடித்த பைத்தியம் பிறகு தெளியவே இல்லை. ஓய்வு பெற்ற அன்று கணக்குப் பார்த்தால் வீட்டில் நாற்பத்தொரு மெஷின். கட்டிலுக்கு அடியில் மட்டும் பதினொன்று. முன்னறையில் மனிதர்கள் நடக்க ஒரு சந்து விட்டிருந்தார், அதுவும் மனைவி சண்டை போட்டு வாங்கியது.

பட்டப்பெயர் வந்தது இப்படி. அந்தக் காலத்து மெஷின்களின் போர்டில் கட்டைவிரல் பருமனில் ஒரு சின்ன பேட்டரியைப் பற்றவைத்திருப்பார்கள். மெஷினை அணைத்த பிறகும் தேதியும் நேரமும் மறக்காமல் இருக்க அது. வருடக்கணக்கில் சும்மா விட்டால் அது கசியும். கசிந்த திரவம் போர்டின் செம்புக் கோடுகளைத் தின்னும், பச்சைப் பச்சையாகப் பூத்து நிற்கும். அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் காப்பாற்ற முடியாது. அதனால் பழைய மெஷின் வைத்திருப்பவர் யாரைக் கண்டாலும் அவர் வாயில் முதலில் வருவது, “பேட்டரி எடுத்தாச்சா?” ஒருமுறை, இதே கிறுக்கு உள்ள நண்பர் ஒருவர் காலையில் இறந்துபோனதாகச் சொல்ல ஆள் வந்திருந்தான். இவர் ஐயோ என்றார், தலையில் கைவைத்துக்கொண்டார், அடுத்த மூச்சில், “அவர் மெஷின்ல பேட்டரி எடுத்தாச்சா?” என்றார். வந்தவன் போய் நாலு பேரிடம் சொல்ல, பெயர் நிலைத்துவிட்டது.

இன்னொரு வாக்கியமும் அவரிடம் உண்டு. அது தொழிலில் ஒட்டிக்கொண்டது. லிஃப்ட் பாதியில் நின்று ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால், கதவு இடுக்கில் வாயை வைத்து, “ஒரு நிமிஷம் இருங்க” என்பார். அது ஒரு நிமிடமாக இருந்ததே இல்லை. இருபது நிமிடம் ஆகும், முக்கால் மணி ஆகும். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டு உள்ளே அழுதவர்கள் அடங்குவார்கள். அதே குரலை அவர் வீட்டிலும் பயன்படுத்தினார். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு நிமிஷம் இரு. வாசலில் ஆள் வந்து நின்றால் ஒரு நிமிஷம் இரு. போர்டின் மேல் குனிந்துவிட்டால் அவருக்கு வீடும் லிஃப்ட்டும் ஒன்றுதான்.

நாற்பத்தொரு மெஷினில் நாற்பதில் பேட்டரியை எடுத்துவிட்டார். ஒன்றில் மட்டும் எடுக்கவில்லை. அலமாரிக்கு மேல், பழைய போர்வை சுற்றி வைத்திருந்த மஞ்சள் பூத்த மெஷின் அது. அவருடைய மகனுடையது.

மகன் கல்லூரி முதல் வருடம் படித்துக்கொண்டிருந்தான். ஒரே பிள்ளை. ஒருநாள் காலை கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது, பையன் பல நாளாக வகுப்புக்கே வரவில்லை என்று. அம்மாவுக்குத் தலைகால் புரியாத கோபம். “இனிமே என் கண்ணுல முழிக்காத” என்றாள். எந்த அம்மாவும் சொல்வதுதான், சொல்லிவிட்டு மறப்பதுதான். மத்தியானம் மகன் அப்பாவின் அறை வாசலுக்கு வந்தான். அவர் கையில் சால்டரிங் அயர்ன் சூடாக இருந்தது, முன்னால் நாற்பது கால் கொண்ட ஒரு சில்லு. “ஒரு நிமிஷம் இரு” என்றார். பிறகு ஒருமுறையும் “அப்பா” என்றான். அதற்கும் அதையே சொன்னார். நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை. சாயங்காலம் ஆற்றிலிருந்து அவனை எடுத்தார்கள்.

மூன்றாம் நாள், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, அவர் மகனின் மெஷினைப் போட்டுப் பார்த்தார். ஒரே ஒரு புதிய ஃபைல் இருந்தது. அதன் பெயர் ‘அம்மா’. மெஷினில் தமிழ் எழுத்து கிடையாது, தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். அதில் அம்மாவைக் குற்றம் சொல்லும் வரி ஒன்றுகூட இல்லை. அப்பாவைப் பற்றி நாலைந்து வரி இருந்தது.

அந்த நேரத்தில் அடுத்த அறையில் அவள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு, “நான்தான் சொன்னேன், கண்ணுல முழிக்காதன்னு நான்தான் சொன்னேன்” என்று கதறிக்கொண்டிருந்தாள். பத்தடி தூரம். எழுந்து போய், உன்னால் இல்லையடி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் மெஷினை அணைத்தார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளை வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. “அதுல ஏதாவது எழுதி வச்சிருக்கானாங்க?” என்று அவள் கேட்டபோது, “அது ஓடல. போர்டு போயிடுச்சு” என்றார். இதற்கு நல்ல வார்த்தை தேடிப் பயனில்லை. கோழைத்தனம்தான்.

ஃபைலை அழிக்க ஒரு விசை போதும். அதற்குக் கை வரவில்லை, பெற்ற பிள்ளை கடைசியாக எழுதியது. அதனால் அழிக்கும் வேலையைப் பேட்டரியிடம் விட்டார். பேட்டரியை எடுக்காமல் போர்வையைச் சுற்றி மேலே ஏற்றினார். அது கசியும், போர்டைத் தின்னும். ஃபைல் இருந்த டிஸ்க் அந்த போர்டோடு மட்டும்தான் ஓடும், வேறு எந்த மெஷினில் மாட்டினாலும் படிக்காது. போர்டு செத்தால் கடிதமும் செத்தது. தான் சொன்ன பொய் தானாகவே உண்மையாகிவிடும் என்று அவர் காத்திருந்தார்.

பதினெட்டு வருடம் ஓடியது. மனைவிக்குச் சர்க்கரை வந்தது. முதலில் கால் மரத்தது, பிறகு பார்வை போனது. எந்த டாக்டர் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் அவளுக்கு ஒரே காரணம்தான். “பெத்த பிள்ளைய கண்ணுல முழிக்காதன்னு சொன்னேன்ல. அந்தக் கண்ணு எதுக்கு இருக்கணும்?” இதை அழாமல் சொல்வாள், ரேஷன் கார்டில் பெயர் தவறிவிட்டது என்று சொல்வது போலச் சொல்வாள். அவர் கேட்டுக்கொண்டு சால்டரிங் அயர்னைத் துடைப்பார். எங்கே போனாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். தெருவில் பார்ப்பவர்கள், இருந்தால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். அதையும் அவர் கேட்டுக்கொண்டார்.

இந்த வருடம் சிறுநீரகமும் கைவிட்டது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்க வேண்டும். இன்னும் எத்தனை மாதம் என்று டாக்டர் வெளிப்படையாகச் சொல்லவில்லை, அவளே புரிந்துகொண்டாள். ஒருநாள் பிரிண்டர்காரர் வந்திருந்தார். அலுவலகங்களில் பிரிண்டர் ரிப்பேர் செய்பவர், நாற்பது நாற்பத்தைந்து வயது, இவருக்கு இருக்கும் ஒரே கூட்டாளி. நாற்காலியில் இருந்தபடியே அவள் கேட்டாள்.

“தம்பி, அலமாரி மேல என் பிள்ளையோடது ஒண்ணு இருக்கு. போர்டு போயிடுச்சுன்னு இவர் சொல்லுவார். உன்னால பாக்க முடியுமா?”

“என்ன சார், சொல்லவே இல்லையே. ஞாயித்துக்கிழமை பாத்துடலாம்.”

“அதெல்லாம் வேலைக்கு ஆகாது” என்றார் இவர்.

“ஆகலன்னா விடுங்க” என்றாள் அவள். “நான் போறதுக்குள்ள தம்பி ஒரு தடவை பாத்துடட்டுமேன்னு கேக்கறேன். கடைசியா என்னைத் திட்டியாவது ஏதாவது எழுதியிருப்பான்.”

ஞாயிறு காலை பத்து மணிக்கு மெஷினை மேசையில் வைத்தார்கள். அவருக்குப் பெரிய பயம் இல்லை. இதைவிடக் குறைந்த வருடம் கிடந்த மெஷின்களை எத்தனையோ திறந்திருக்கிறார், பேட்டரிக்குப் பக்கத்தில் விரல் வைக்க இடமில்லாமல் பச்சை பூத்திருக்கும். அவள் விரலைப் பிடித்து அந்தப் பச்சையைத் தொடவைத்து, பார், நான் சொன்னேனே என்று சொல்வதாக மனசுக்குள் ஒத்திகைகூடப் பார்த்திருந்தார். நாலு திருகாணிகளையும் அவரே கழற்றினார். மூடியைத் தூக்கினார்.

தூசி இருந்தது. வேறு எதுவும் இல்லை. செம்புக் கோடுகள் கடையில் வாங்கியது போல மின்னின. பேட்டரி நீல உறையோடு, ஒரு சொட்டுக் கசியாமல், வைத்த இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

“சார்” என்று பிரிண்டர்காரர் சிரித்தார். “ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க, இதுல நீங்களே எடுக்க மறந்திருக்கீங்க. உங்க நல்ல நேரம், கசியவே இல்ல. போர்டு சுத்தமா இருக்கு சார். இது ஏன் ஓடாது?”

நாற்காலியில் அவள் தலை லேசாகத் திரும்பியது.

பிரிண்டர்காரர் வேலை தெரிந்தவர். நேராக மின்சாரம் கொடுக்காமல் குறுக்கே ஒரு குண்டு பல்பை மாட்டிச் சோதித்தார், பல்ப் மங்கலாக எரிந்து அடங்கியது, எங்கும் ஷார்ட் இல்லை. டிஸ்க் சுற்றவில்லை. இவருக்கு மூச்சு திரும்பியது. பிரிண்டர்காரர் டிஸ்கைக் கழற்றிக் கையில் வைத்து, மணிக்கட்டால் வெடுக்கென்று ஒரு திருப்புத் திருப்பி மறுபடி மாட்டினார். உள்ளே முனகல் கேட்டது, அது ஏறி ஏறி ஒரே சீரான ரீங்காரமாக நின்றது. பதினெட்டு வருடம் கழித்து அந்த வீட்டில் அந்தச் சத்தம். அவள் கை நாற்காலியின் விளிம்பை இறுக்கியது.

“அம்மான்னு ஒரு ஃபைல் இருக்கு சார்” என்றார் பிரிண்டர்காரர் மெதுவாக. பிறகு எழுந்துகொண்டார். “நீங்க ரெண்டு பேரும் இருங்க. நான் வாசல்ல நிக்கறேன்.”

“படிங்க” என்றாள்.

அவர் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். அவளுக்குக் கண் தெரியாது. நல்லதாக நாலு வரி கட்டிச் சொன்னால் அவள் நிம்மதியாகப் போய்ச் சேருவாள், இவரும் தப்பிப்பார். அப்படித்தான் நினைத்து வாயைத் திறந்தார். கண் முதல் வரியில் விழுந்ததும் வாய் அதைத்தான் படித்தது.

“அம்மா, காலைல நீ திட்டினதுக்காக இல்ல. நீ எப்பவும் திட்டுவ, அப்புறம் நீயே சாப்பிடக் கூப்பிடுவ. அது எனக்குத் தெரியும்.”

அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகை இல்லை. லிஃப்ட் கதவு திறந்ததும் உள்ளே இருந்தவர்கள் விடும் மூச்சு போல இருந்தது. அவர் அங்கேயே நிறுத்தினார்.

“அவ்வளவுதானா?”

மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“படிங்க.”

“காலேஜ்ல என்னை என்ன பண்றாங்கன்னு உன்கிட்ட சொல்ல முடியாது. அப்பாகிட்ட சொல்லலாம்னு ரெண்டு தடவை போனேன். ஒரு நிமிஷம் இருன்னார். நான் இருந்தேன். நாலு மணி வரைக்கும் வாசப்படிலயே உக்காந்து இருந்தேன். அப்பா நிமிந்து பாக்கல. இனிமே யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல அம்மா.”

முடிந்துவிட்டது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்வையில்லாத அந்தக் கண்கள் தன் மேல் இருப்பது தெரிந்தது.

“எல்லார்கிட்டயும் கேப்பீங்க” என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. “சாவு சொல்ல வந்தவன்கிட்ட கூடக் கேட்டீங்க, பேட்டரி எடுத்தாச்சான்னு. இதுல மட்டும் நீங்க மறந்தீங்களா?”

பதினெட்டு வருடம் அவள் சுமந்ததை அவள் மடியில் கட்டிவிட்டவர் யார் என்று அவளுக்கு இப்போது தெரியும். அவள் நாற்காலியைப் பிடித்து எழுந்தாள். வழக்கம்போல அவரும் எழுந்து தோளைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அவள் கை அந்தத் தோளுக்கு வரவில்லை. வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி, “தம்பி, என்னை உள்ள கொண்டுபோய் விடுப்பா” என்று கூப்பிட்டாள். பிரிண்டர்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் மெஷின்களுக்கு நடுவில் இருந்த அந்தச் சந்தில் பார்த்துப் பார்த்து நடந்தார்கள்.

“நானும் வரேன்” என்றார் அவர். “உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

அவள் திரும்பவில்லை.

“ஒரு நிமிஷம் இருங்க” என்றாள்.

அவர் இருந்தார். உள்ளே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிரிண்டர்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, சொல்லாமலே போனார். பதினொன்று அடித்தது, பன்னிரண்டு அடித்தது. நாலு மணிக்கும் அவர் அந்த மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கதவு திறக்கவில்லை.