கதவைச் சாத்திய தாய்

எழுபதுகளில் பருத்தித்துறையில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பித்தேன். மகள் அப்போது கைக்குழந்தை. காலையில் அவளை மாமியிடம் கொடுத்து, அவள் அழத் தொடங்குமுன் கதவைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். பாதி வழியில், பால் போத்தலைக் கொதிநீரில் போட்டேனா என்ற சந்தேகம் வரும். போட்டிருப்பேன்.

வகுப்பில் நான் நோட்ஸ் கொடுப்பதில்லை. ஒருத்தி பாட்டை வாசிக்க, இன்னொருத்தி பொருள் சொல்ல வேண்டும். சொன்னது பாட்டில் எங்கே இருக்கிறது என்று மற்றவர்கள் கேட்கலாம். கோயிலில் புராணம் படிக்கும் முறைதான். ஆனால் அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை.

ஒரு மாணவியின் தகப்பன் ஊர்க் கோயிலில் பயன் சொல்பவர். வாசிக்கப்படும் பாட்டுக்குச் சபையில் பொருள் விரிப்பவர். நோட்ஸ் இல்லாமல் சோதனை எடுப்பது எப்படி என்று அதிபரிடம் முறையிட வந்தார். என்னையும் கூப்பிட்டார்கள்.

“பிள்ளையளைக்கொண்டு சொல்லுவிக்கிறன், ஐயா.”

“அப்ப சம்பளமும் பிள்ளையளுக்கோ, ரீச்சர்?”

அதிபர் சிரிக்கவில்லை. தகப்பன் ஒரு பாடம் இருந்து பார்க்கட்டும், திருப்தியில்லாவிட்டால் அடுத்த தவணை எனக்கு ஆறாம் வகுப்பு என்றார். நியாயமாகத்தான் பட்டது. தகப்பன் சொல்வது சரியென்றால் ஒரு வகுப்பின் பல்கலைக்கழக அனுமதியையே நான் கெடுத்துக்கொண்டிருந்தேன்.

அவர் வந்திருந்த நாளின் பாட்டில் ஒரு தாய் மகனைப் போருக்கு அனுப்புகிறாள். ஒருத்தி வாசித்து நிறுத்தினாள். யாரும் வாய் திறக்குமுன் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த தகப்பன் பயன் சொல்லத் தொடங்கிவிட்டார். பாட்டு நின்றால் அவரால் சும்மா இருக்க முடியாது. தாய் பெருமையோடு சிரித்து வழியனுப்பினாள் என்று அழகாக விரித்தார். நோட்ஸ் கொடுத்திருந்தால் நானும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அவருடைய மகள் எழுந்தாள்.

“சிரிச்சவ எண்டு எங்கை இருக்கு, அப்பா?”

அவர் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, திரும்பத் திரும்ப வாசித்தார்.

“சிரிக்கேல்லை. கதவைச் சாத்தினவ எண்டுதான் கிடக்கு.”

“ஏன் சாத்தினவ?”

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும்போல இருந்தது. பிள்ளைகள் சொல்லட்டும் என்றேன். மணி அடிக்கும்வரை அவரும் அவர்களும் அதையே கதைத்தார்கள்.

வகுப்பு என்னிடமே இருக்கட்டும் என்று அதிபரிடம் சொல்லிப் போனாராம். நோட்ஸும் கொடுத்தால் நல்லது என்றும் சொன்னாராம்.

மறுநாள் காலை கதவைச் சாத்தியபின் கொஞ்சம் நின்று கேட்டேன். மகள் அழவில்லை. அதற்கும் கவலைப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினேன்.