இருட்டில் மூன்று தரம் கூப்பிட்டவர்

மிசிசாகாவில் நான் வேலை செய்யும் சரக்குக் கிடங்கின் சாப்பாட்டு அறையில் மத்தியானச் சோற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோதுதான் தாசண்ணையின் மகள் கைத்தொலைபேசியில் அழைத்தாள். "அன்ரி, அப்பா போயிட்டார்" என்றாள். "எங்கை போனவர்?" என்று கேட்டேன். அவள் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. அஜக்ஸில் வீட்டு வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். முதல் நாள் வெள்ளிக்கிழமை, இதே அறையில் எனக்கு எதிரே இருந்து, என் கத்தரிக்காய்க் கறியில் உப்புக் குறைவு என்று குற்றம் சொல்லிச் சொல்லியே பாதியைத் தின்று முடித்த மனிதர்.

உடலைப் பார்வைக்கு வைத்த இடத்தில் எல்லோரும் அவருடைய குரலைப் பற்றிப் பேசினார்கள். மன்னாரில் மாதா கோவில் பாடகர் குழுவில் பழகிய குரல். நத்தார் காலத்தில் வீடு வீடாகப் போய் யேசு பிறப்புப் பாட்டுப் பாடும்போது பக்கத்துத் தெரு வெள்ளைக்காரரும் கதவைத் திறந்து பார்ப்பார்கள். அவருடைய மீன் குழம்பைப் பற்றிப் பேசினார்கள், யாருக்கும் கார் திருத்திக் கொடுக்கும் குணத்தைப் பற்றிப் பேசினார்கள். அவரிடம் ஒரு துவக்கு, வேட்டைத் துப்பாக்கி, இருந்ததை மட்டும் ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. எங்கள் சனத்துக்கு அந்தச் சொல்லே ஆகாது. துவக்குக்குப் பயந்து கடல் தாண்டி வந்தவர்கள் நாங்கள். இங்கே வந்து முறையாகப் படித்து, லைசன்ஸ் எடுத்து, மனமறிந்து ஒன்றை வாங்கி வைத்திருந்தவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

விட்பிக்கு வடக்கே கொஞ்சம் நிலம் வாங்கி ஆடும் கோழியும் வளர்க்கலாம் என்பது என் கணவர் குகனின் யோசனை. கணிதம் படித்தவர், நகரத்தில் அலுவலக வேலை. கோழிக்கு எந்தப் பக்கம் வால் என்று புத்தகத்தில் பார்த்துச் சொல்லக்கூடியவர். முதல் வருடம் எல்லாம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் வருடம் இலையுதிர் காலத்தில் நரி வந்தது. தின்ன வந்தது போலவே தெரியவில்லை. ஒன்றைத் தூக்கிக்கொண்டு, மிச்சத்தைக் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். ஒரு விடியற்காலை, பிறந்து சில நாளே ஆன ஆட்டுக்குட்டியின் கால் மட்டும் வேலியோரம் கிடந்தது. நான் அன்று அழவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. வேலைக்குப் போனதும் தாசண்ணையிடம், "எனக்குச் சுடப் பழக்கி விடுங்கோ" என்றேன்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே, "ஆரை?" என்று கேட்டார்.

"நரியை."

"கோபத்தோட வந்தா நான் பழக்கமாட்டன். முதல்ல கோழிக்கூட்டுக் கதவைப் பாப்பம்."

சொன்னபடியே சனிக்கிழமை வந்தார், துவக்கோடு அல்ல, சுத்தியலோடு. கூட்டைச் சுற்றி மண்ணைத் தோண்டிக் கம்பி வலையை ஆழத்தில் புதைத்தார். கதவுக்கு இரண்டாவது கொளுக்கி போட்டார். "அரைவாசி நரியை உந்தக் கொளுக்கி சுட்டுப்போடும்" என்றார். உண்மையிலேயே பல இரவுகள் அமைதியாக இருந்தன. ஆனால் எங்கள் நரி பழகிய ஆள். பிறகு பொழுதுபடும் நேரத்திலேயே, ஆடுகளை அடைக்கும் முன்னரே வரத் தொடங்கியது.

அதற்குள் நான் வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி லைசன்ஸ் எடுத்திருந்தேன். இரவில் சுடுவதற்கு வேண்டிய அனுமதியைக் கேட்டு வாங்காமல் அண்ணை துவக்கைக் காரில் ஏற்றவே மாட்டார். பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பார். பகலில், சுடுதிடலில், கடதாசிக்குச் சுட்டுப் பழகினேன். என் விரல் விசைக்குப் போகும் போதெல்லாம் மெல்லத் தட்டிவிடுவார். "விரலுக்கு வெளியில வீடு இருக்கு. கூப்பிட்டாத்தான் உள்ளை வரோணும்." குண்டு எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் துவக்கைத் தூக்கவே விடமாட்டார். அதற்காகத்தான் எங்கள் பழைய கொட்டிலின் மேல்தட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறினாலும் குண்டு மண்ணுக்குள் போகும். நரிக்கு மணம் போகாதபடி காற்று எங்கள் முகத்தில் அடிக்கும். வேலி கடக்கும்போதும் ஏணி ஏறும்போதும் துவக்கு வெறுமையாக இருக்கவேண்டும். அவர் சொன்னதில் இரண்டு எனக்கு அப்போது எரிச்சல் தந்தன. ஒன்று, "கண் மினுங்கினா அது கண். நரியில்லை. முழு உடம்பையும் காணாமச் சுடக்கூடாது." மற்றது, சுட முன்னர் மூன்று தரம் சத்தமாகக் கூப்பிட வேண்டும் என்பது.

"நரி நிண்டு கேட்டுக்கொண்டோ இருக்கும் அண்ணை?"

"ஓடினா அது நரி, கோழியும் தப்பீட்டுது. ஓடாட்டி யோசியும்."

எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித்தரவில்லை என்றேன். "அவங்கள் தமிழருக்கு வகுப்பு எடுக்கேல்லை" என்றார்.

நரிக்குக் காவலிருந்த ஒரு நாள் மாலை, குகன் வேலையால் நேரம் பிந்தித்தான் வருவதாக ஏற்பாடு. வந்ததும் நேரே வீட்டுக்குள் போய் எனக்கு ஃபோன் அடிக்க வேண்டும், வெளியே காலே வைக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொல்லியிருந்தேன். நானும் அண்ணையும் இருட்டுப்பட்டதும் மேல்தட்டில் போய் உட்கார்ந்தோம். காற்று பலமாக வீசியது. தகரம் அடித்துக்கொண்டே இருந்தது. அண்ணை, நரிக்கு அவ்வளவாகத் தெரியாத சிவப்பு டோர்ச் வெளிச்சத்தை நிலத்தில் மிக மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார்.

வேலியின் மூலையில், காய்ந்த பற்றைக்குள் இரண்டு கண்கள் மினுங்கின. மறைந்தன. திரும்ப மினுங்கின. நரி நிற்கும் உயரம்தான். அதற்குக் கீழே கறுப்பாக ஏதோ அசைந்தது. எனக்கு அந்தக் குட்டியின் கால் கண்ணுக்கு முன்னால் வந்தது. துவக்கைத் தோளில் வைத்தேன்.

"கூப்பிடும்" என்றார் அண்ணை.

"ஓடிடும்."

"கூப்பிடும்."

"ஆர் அங்கை?" என்று கத்தினேன். கண்கள் அசையவில்லை. ஓடவும் இல்லை. பதிலும் இல்லை. இரண்டாம் தரம் கத்தினேன். ஒன்றும் இல்லை. பற்றைக்குள் கறுப்பு இன்னும் கொஞ்சம் ஒடுங்கியது, பாயப்போகிற மாதிரி. மனிதனென்றால் பதில் சொல்லியிருப்பான்தானே? என் விரல் உள்ளே போய்விட்டது. அது எனக்குத் தெரியவே இல்லை, அண்ணைக்குத் தெரிந்தது. அவருடைய கை என் கைமேல் வந்து விரலை வெளியே எடுத்தது.

"இன்னும் ஒண்டு கிடக்கு."

மூன்றாவது தரம் நான் வாயைத் திறக்க முந்தி அண்ணைதான் கூப்பிட்டார். நத்தாருக்குப் பாடுகிற அந்தக் குரலில், காற்றைக் கிழித்துக்கொண்டு, "ஆரப்பா அங்கை?"

"ஓம்... என்ன?" என்றது பற்றை. என் கணவரின் குரல்.

துவக்கில் இருந்த குண்டுகளை அண்ணை முதலில் கழற்றினார். ஒவ்வொன்றாகத் தன் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகுதான் பலகையில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் ஏணியால் இறங்கினேனா விழுந்தேனா என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை.

குகனின் ஃபோன் வழியிலேயே செத்துப்போயிருந்தது. கொட்டிலுக்கு மறைவான வாசல் படலையடியில் காரை நிறுத்தியவருக்கு வேலிக் கம்பியில் சிக்கிய ஆட்டுக்குட்டியின் முனகல் கேட்டிருக்கிறது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தியிருந்து கம்பியை விலக்கியிருக்கிறார். குட்டி அவருடைய தோளுக்கு மேலால் எங்களையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறது. கத்தினால் நரிக்குக் கேட்கும் என்று அதன் வாயையும் பொத்திப் பிடித்திருக்கிறார், புத்திசாலி.

"நான் கூப்பிட்டது கேக்கேல்லையே?" என்று அவருடைய கோட்டைப் பிடித்து உலுக்கினேன்.

"கேட்டது."

"பிறகு ஏன் வாயைத் திறக்கேல்லை?"

அவர் குட்டியைப் பார்த்தபடி, "ராவில முதல் குரலுக்கு ஏன் எண்டு கேக்கக்கூடாதெண்டு எங்கட அம்மா..." என்று இழுத்தார். இருட்டில் பேய், தெரிந்த ஆளின் குரலில் இரண்டு தரம்தான் கூப்பிடும், மூன்றாம் தரம் அதால் முடியாது, ஆகவே மூன்றாவதுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எங்கள் ஊர்களில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்பார்கள். பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் உபதேசம் செய்கிற மனிதர் இவர். "உம்மட குரல் மாதிரியே இருந்தது. அதுதான் கூடப் பயந்தனான்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அந்த ஈரப்புல்லில் இருந்து அழுதேன்.

அண்ணையைக் காருக்குக் கூட்டிப் போகும்போது கேட்டேன். "உங்களுக்கு இது முதலே தெரியுமோ?"

காரின் கதவைத் திறந்துவிட்டு ஏறாமல் நின்றார். "என்ரை தம்பியும் உப்பிடித்தான் பேசாம நிண்டவன். வீட்டுக்குப் பின்னால, பனையடியில. சென்றியில துவக்கோட காவல் நிண்டவங்கள் கூப்பிட்டவங்கள்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன். ஆனா ஒருக்காத்தான் கூப்பிட்டவங்கள்."

யார் அவர்கள் என்று கேட்டேன்.

"இருட்டில துவக்கோட நிக்கிறவன் எல்லாம் ஒரே ஆள்தான், தங்கச்சி. நேற்று அவங்கள், இண்டைக்கு நாங்கள்." அவ்வளவுதான் சொன்னார். தம்பியின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அவர் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

அண்ணை, இதை நீங்கள் படிக்கப் போவதில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் வீட்டார் துவக்கைப் பொலிசில் முறைப்படி ஒப்படைத்துவிட்டார்கள். நரி இன்னும் வருகிறது. போன கிழமையும் ஒரு கோழி போனது. எனக்கு முந்திய கோபம் இல்லை. உங்களிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது உங்கள் பொன்மொழிகளை அல்ல, அவற்றில் பாதி எனக்கு மறந்துவிடும். இதை எழுதும்போது, நீங்கள் பற்றைக்குள்ளிருந்து மீட்டுத் தந்த ஒருவர் குசினியில் தேத்தண்ணி போட்டபடி, சீனி எங்கே என்று என்னைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். சீனிப் போத்தல் அவருக்கு முன்னால்தான் இருக்கும். நான் எழும்பிப் போகிறேன்.